வங்கி தவறு செய்தால் வங்கியை மாற்றலாமா? நீலகிரியில் கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளுக்கு இலைப் பணம் (தொழிற்சாலைக்குக் கொடுத்த பச்சைத் தேயிலைக்கான பணம்) இப்போது வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது. எஸ்டேட் சம்பளமும் அப்படித்தான். அந்தப் பணம் வராவிட்டாலோ, வந்தது குறைந்துவிட்டாலோ வாயில் வரும் முதல் வார்த்தை "இந்த பேங்கே வேண்டாம்" என்பது. வங்கிக் கவுன்டருக்கு உள்ளே பல காலம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது வெளியே வரிசையில் நிற்பவன் நான். அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்பவையும் நான் சொல்லும் பதில்களும் இவை.

பணத்தில் தவறு நடந்துவிட்டது. இன்றே கணக்கை மூடிவிட்டுப் போய்விடலாமா?

இன்று வேண்டாம். குறைந்த பணம் திரும்பி வந்து விழ வேண்டிய இடம் அந்தக் கணக்குதான். அதை மூடிவிட்டால் மொபைல் செயலி திறக்காது, பாஸ்புக்கில் வரி ஏறாது. கிளைக்குப் போனால் "உங்களுக்கு இங்கே கணக்கே இல்லையே" என்று புதிதாக வந்த ஊழியர் உதட்டைப் பிதுக்குவார். கணக்கை மூடியவர் புகார் செய்யக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் ஒரு நடையில் முடிகிற வேலை பல நடைகளாகிவிடும். கணக்கு முடிப்புப் படிவத்தில் "எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், கோபத்தில் இருப்பவர் கண்ணில் அது படவும் படாது.

பணத்தை முதலில் வாங்குங்கள். அதற்குள் வங்கி உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் தெரிந்துவிடும். போவதா இருப்பதா என்று முடிவெடுக்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

தவறு வங்கியுடையதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோத்தகிரிக்கு அருகே சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு ஒரு மாதம் இலைப் பணம் வரவில்லை. கிளையில் பெரிய சண்டை. பிறகு தொழிற்சாலை அலுவலகத்தில் பட்டுவாடாப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தோம். அவருடைய கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 4694. பட்டியலில் 4649 என்று தட்டச்சாகியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் பணம் போய் உட்கார்ந்திருந்தது.

ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பணம் பெறும் வங்கி, கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம். பெயரைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு அனுப்புபவருடையது. அனுப்புபவர் எண்ணைக் கொடுத்ததும் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆனால் நூற்றுக்கணக்கான விவசாயிகளுக்கு ஒரே பட்டியலாக அனுப்பும் அலுவலகத்தில் யார் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்க்கப் போகிறார்கள்? அந்த அம்மா வங்கியை மாற்றியிருந்தாலும் பட்டியலில் எண்ணைத் தப்பாக ஏற்றினால் அங்கேயும் இதேதான் நடந்திருக்கும்.

ஆகவே பணம் அனுப்பியவரிடம் யு.டி.ஆர். எண்ணை, அதாவது அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான தனி அடையாள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நெஃப்ட் என்றால் அது 16 எழுத்தும் எண்ணும் கலந்தது, ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22. அதோடு எந்தக் கணக்கு எண்ணுக்கு அனுப்பினார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். எண் சரியாக இருந்தும் பணம் உங்களுக்கு ஏறவில்லை என்றால், அப்போது வங்கியோடு பேசலாம்.

மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிந்திருக்கிறது. நான் யாரிடமும் கேட்கவில்லையே?

ஆண்டுதோறும் ஜூன் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். 436 ரூபாய் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய் சுரக்ஷா பீமா, அது விபத்துக்கானது. இரண்டுக்கும் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. என்றைக்கோ கணக்கு தொடங்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட தாள்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். அப்படியானால் ரத்து செய்யும் முன் யோசியுங்கள், வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லி வையுங்கள். இந்தக் காப்பீடு இருப்பது தெரியாமலேயே பணத்தைக் கோராமல் விட்ட குடும்பங்கள் உண்டு.

கையெழுத்தே போடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், சம்மதப் படிவத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் இதைத் தவறு என்று சொல்வதே தப்பு. மாத இலக்கை எட்டுவதற்காக ஒருவர் உங்கள் சட்டைப் பையில் கைவிட்டிருக்கிறார். தொகை சிறியது, திருப்பியும் கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் தயங்காமல் வங்கியை மாற்றுங்கள் என்று நான் சொல்வது இந்த ஒரு வகைக்குத்தான். வைப்புத்தொகை போட வந்த முதியவரிடம் ஐந்தாண்டுக் காப்பீட்டுப் பத்திரத்தைத் தள்ளிவிடுவதும் இதே இனம்.

அப்படியானால் எதைப் பொறுத்துக்கொள்ளலாம்?

இலக்கம் மாறியது, ஒரே சலானை இரண்டு முறை ஏற்றியது, பக்கத்துக் கணக்கில் பற்று எழுதியது போன்ற கைத்தவறு எந்த வங்கியிலும் நடக்கும். நான்கு ஆள் இருக்க வேண்டிய கிளையில் இரண்டே பேர், அதிலும் ஒருவர் விடுப்பில் என்றால் நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். தவறின் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐம்பதாயிரம் தப்பாகப் போய் மதியத்துக்குள் திரும்பி வந்திருக்கிறது. நூற்றைம்பது ரூபாய்க்கு மூன்று மாதம் நடக்க விட்ட கிளையும் உண்டு. நான் இரண்டாவதிலிருந்துதான் வெளியேறச் சொல்வேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது, தவறை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பது. வங்கியே கண்டுபிடித்து உங்களைக் கூப்பிட்டுச் சொன்னால் அந்தக் கிளையில் சாயங்காலம் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தை விட்டுப் போகாதீர்கள். அடுத்து, அசலோடு நின்றார்களா என்று பாருங்கள். தவறால் குறைந்த நாட்களுக்கு வட்டி, இருப்பு குறைந்ததற்காகப் பிடித்த அபராதம், காசோலை திரும்பியதற்கான கட்டணம் எல்லாவற்றையும் கேட்காமலேயே திருப்பினார்களா? இன்னொன்று, உங்கள் கேள்விக்குத் தாளில் பதில் வந்ததா, அல்லது "சரி பண்ணிடலாம் சார், நாளைக்கு வாங்க" என்ற வாய்ப் பேச்சுதானா? அதே தவறு மறுபடி நடந்தால் மேலே சொன்ன எதுவும் கணக்கில் வராது, கிளம்பிவிடலாம்.

மேலாளர் மரியாதையாகப் பேசினார், தேநீர் வரவழைத்தார் என்பதற்கெல்லாம் மதிப்பெண் போடாதீர்கள். அவர் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவார்.

புகாரை எப்படி எழுத வேண்டும்?

குறைவாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: "என் சேமிப்புக் கணக்கில் (எண் இது) இந்தத் தேதியில் 8,200 ரூபாய் பற்று வைக்கப்பட்டுள்ளது. நான் பணம் எடுக்கவில்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை. பாஸ்புக் பக்கத்தின் நகல் இணைத்துள்ளேன். தொகையை அதே தேதியிட்டுத் திரும்ப வரவு வைத்து, இதனால் பிடித்த கட்டணங்களையும் திருப்பித் தந்து, எழுத்து மூலம் பதில் அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். "அதே தேதியிட்டு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், வட்டி கிடைப்பது அதனால்தான். எத்தனை ஆண்டு வாடிக்கையாளர், எத்தனை முறை அலைந்தீர்கள், அந்த ஊழியர் எப்படி முறைத்தார் என்பதெல்லாம் கடிதத்தில் ஏறினால் படிப்பவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பணத்தை மறந்துவிடுவார்.

இரண்டு நகல் எடுத்துச் சென்று ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாதாட வேண்டாம். தபால் அலுவலகம் போய் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வங்கியின் இலவசத் தொலைபேசியில் சொன்னால் புகார் எண் தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

சில விஷயங்களுக்கு ரிசர்வ் வங்கியே கெடு வைத்திருக்கிறது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காவிட்டாலும் தர வேண்டும். 2019 செப்டம்பரில் வந்த உத்தரவு இது. ஊட்டியில் சீசன் நேரத்தில் ஏதோ ஒரு வங்கியின் ஏ.டி.எம்.மில் சிக்கினாலும், புகாரை உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கியிடம்தான் கொடுக்க வேண்டும். யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் ஏறவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள்.

மற்றபடி பொதுவான புகாருக்கு 30 நாள். அதற்குள் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்க முடியாதது என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய திட்டம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. முதலில் வங்கியிடம் எழுதிக் கொடுத்ததற்குச் சான்று இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், முத்திரை முத்திரை என்று நான் அடித்துக்கொள்வது அதற்காகத்தான். அதற்கும் மேலே உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

பணம் மோசடியில் போனது. அதற்கும் வங்கியை மாற்ற வேண்டுமா?

அந்தக் கேள்வி பிறகு. இப்போதே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த மின்னணு மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்கிறது 2017-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் நிமிடம் வரை போனது உங்கள் தலையில், அதன் பிறகு போவது வங்கியின் தலையில். ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் ஊரில் இருப்பதே ஒரு கிளைதான். எங்கே போவது?

சமவெளியில் எழுதப்படும் அறிவுரைகள் தோற்கும் இடம் இது. அங்கே சாலையைக் கடந்தால் அடுத்த வங்கி. இங்கே கூடலூர்க்காரர் ஒரு கையெழுத்துக்காக உதகை வரை வந்தால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அன்றைய கூலியும் பஸ் கட்டணமும் சேர்த்தால், எரிச்சலூட்டும் கிளையைச் சகித்துக்கொள்வதே பல குடும்பங்களுக்கு லாபம். இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

முழுவதுமாகப் போகாமல் பாதி போவது ஒரு வழி. வருமானம் வரும் கணக்கை அங்கேயே விட்டுவிட்டு, சேமிப்பை மட்டும் வேறிடத்துக்கு மாற்றுங்கள். அஞ்சலகம் ஏறக்குறைய எல்லாச் சிற்றூருக்கும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சேமிப்புக் கணக்குக்கு 500 ரூபாய் இருப்பு போதும், பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. ஆனால் அஞ்சலகச் சேமிப்புப் புகார் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகாது, அஞ்சல் துறையோடுதான் பேச வேண்டும். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகள் 2025 நவம்பர் முதல் குறைதீர்ப்பாளர் வரம்புக்குள் வந்துவிட்டன. அங்கே போடும் வைப்புக்கு, மற்ற வங்கிகளைப் போலவே, ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேறு. அதற்கு இந்தக் காப்பீடும் இல்லை, குறைதீர்ப்பாளரும் இல்லை. பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கிளையே இல்லாத, செயலியில் மட்டும் நடக்கும் கணக்குக்கு மாறலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் ஓ.டி.பி. வருகிறதா என்று முதலில் பாருங்கள். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் என்றால், அந்த வங்கி உங்களுக்கு இல்லை.

ஆதார் வழியாக வரும் பணம் என்னவாகும்?

வங்கி மாற்றியவர்கள் அதிகம் அவதிப்படுவது இங்கேதான். எரிவாயு மானியம், பிரதமர் கிசான் தவணை போன்றவை கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய் விழுகின்றன. ஒரு நேரத்தில் ஒரே வங்கிக்குத்தான் அந்த இணைப்பு. புதிய கணக்கு தொடங்கும் படிவத்தில் "அரசு மானியம் இந்தக் கணக்கில் பெறச் சம்மதம்" என்ற கட்டத்தில் நீங்கள் டிக் செய்தால் பணம் திசை மாறிவிடும். செய்யாவிட்டால் பழைய கணக்குக்கே போகும். இது தெரியாமல் பழைய கணக்கை மூடினால் தவணை நடுவழியில் நின்றுவிடும். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று அறிய *99*99# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் போதும், சாதாரணக் கைப்பேசியிலும் வரும்.

ஆதார் இணைப்பை மாற்றிவிட்டால் எல்லாப் பணமும் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இலைப் பணம், எஸ்டேட் சம்பளம், மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும் கேரட் பணம் எல்லாம் கணக்கு எண்ணைப் பார்த்தே வருகின்றன. அவரவர் அலுவலகத்தில் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகை வாங்கும் பெண்கள் அது எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பாஸ்புக்கில் பார்த்துவிட்டு மேலே நடப்பது நல்லது.

அந்த வங்கியிலேயே நகைக்கடனும் வீட்டுக் கடனும் இருக்கிறது. போக முடியுமா?

சேமிப்புக் கணக்கை மட்டும் மாற்றலாம், ஆனால் தவணை பழைய கணக்கிலிருந்துதான் போகும் என்றால் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டியதுதான். கடன் பாக்கி இருக்கும்போது உங்கள் வைப்புத்தொகையை அதற்கு ஈடுகட்டும் உரிமை வங்கிக்கு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். நகைக்கடனை முடித்து நகையை எடை பார்த்து வாங்கிய பிறகே சண்டை போடுங்கள் என்று சொல்வேன், கோழைத்தனம் என்றாலும் பரவாயில்லை. வீட்டுக் கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறை.

வங்கியின் தவறால் தவணை தவறிப்போயிருந்தால், அது கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் உங்கள் பெயருக்கு எதிராக ஏறியிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். திருத்தச் சொல்லி 30 நாட்களுக்குள் முடிக்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குச் சேரும். இதைச் சரிசெய்யாமல் வேறு வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால் அங்கேயும் அந்தக் கறை முன்னால் போய் நிற்கும்.

மாறுவதென்று முடிவு செய்துவிட்டேன். எந்த வரிசையில் செய்வது?

தொலைபேசி நிறுவனத்தை மாற்றும்போது எண்ணைக் கூடவே கொண்டுபோவதுபோல் கணக்கு எண்ணைக் கொண்டுபோக முடியாது. எல்லாம் புதிதாகத்தான். முதலில் புதிய கணக்கைத் தொடங்கி, சிறு தொகை போட்டு எடுத்துப் பாருங்கள். பிறகு வருமானம் தரும் இடங்களில் புதிய எண்ணைக் கொடுங்கள். தேயிலைத் தொழிற்சாலைக்கு எண்ணை வாயால் சொல்லாதீர்கள், பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலைக் கொடுங்கள். இரண்டு மூன்று பட்டுவாடா புதிய கணக்கில் ஒழுங்காக விழுந்த பிறகே, தானாகக் கழியும் எல்.ஐ.சி. பிரீமியம், தவணைகள் ஆகியவற்றை மாற்றுங்கள். பழைய கணக்கின் காசோலை யாரிடமாவது இருக்கிறதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். "கணக்கு மூடப்பட்டது" என்று காசோலை திரும்பினாலும் செக் மோசடி வழக்குப் போட இடமுண்டு. மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

மூடாமல் அப்படியே விட்டுவிட்டால்?

இரண்டு ஆண்டு பரிவர்த்தனை இல்லாவிட்டால் செயலற்ற கணக்கு. பத்து ஆண்டு தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை உங்களுடையதே, கேட்டு வாங்கலாம். குறைந்தபட்ச இருப்பு அபராதத்தால் மட்டுமே கணக்கை மைனஸில் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதனால் "எட்டாயிரம் கட்டினால்தான் மூடுவோம்" என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள்.

மூடும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

கூட்டுக் கணக்கு என்றால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அம்மாவைக் குளிரில் இரண்டாம் முறை அழைத்து வர நேராமல் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ஓர் ஆண்டு கடந்த கணக்கை மூடப் பெரும்பாலான வங்கிகள் கட்டணம் வாங்குவதில்லை. மிச்சத் தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். மீதமுள்ள காசோலைகளையும் அட்டையையும் ஒப்படைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். இறுதி நாள் வரையிலான கணக்கு அறிக்கையும் வட்டிச் சான்றிதழும் அன்றே வேண்டும், அடுத்த ஜூலையில் வருமான வரி தாக்கல் செய்யும்போது தேடுவீர்கள்.

படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில் எல்லாரும் "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டு வருகிறார்கள். அங்கே உங்கள் புகார் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.